மங்கோலியாவுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனது

ஜூலை 6, ஞாயிறு

காலையிலேயே வெயில் சுள்ளென்று. மலை உச்சியில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. பெட்டி கட்டும் வேலை.

மனைவி காமாட்சி எடுத்து வைத்திருப்பவை:
ஸ்வெட்டர் 4 (தேரடி வீதியில் கேட்டதற்குக் கடைக்காரர், "ஊட்டியா சார்?" என்றார்)
பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய்
விபூதிப் பொட்டலம் 11 (யாருக்கு?)
பட்டுப்புடவை 1. எதற்கு என்றேன். "சும்மா கெடக்கட்டும்" என்றாள்.

ஊருக்குச் சொல்லியிருப்பது: மகள் நித்யா மங்கோலியாவில் வேலையில் இருக்கிறாள். அங்கே ஜூலையில் நாதம் என்று ஒரு திருவிழா; குதிரைப் பந்தயம், மல்யுத்தம், வில்வித்தை. கூப்பிட்டாள், போகிறோம். அதுவும் பொய் இல்லை.

முழு உண்மை கா.வுக்கும் எனக்கும் இந்த நோட்டுக்கும் மட்டும். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறோம்.

பையன் பெயர் எர்தென். நி. மாதிரியே கால்நடை டாக்டர். இரண்டு பேரும் ஒரே திட்டத்தில் ஆட்டு நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். இரண்டு வருஷப் பழக்கம். மார்ச்சில்தான் சொன்னாள். "நீங்க வந்து பாருங்கப்பா. பாத்துட்டு வேணாம்னா நான் திரும்பி வந்துடறேன்."

இந்த வார்த்தைதான் நாலு மாதமாக என் தூக்கத்தைக் கெடுக்கிறது. அவள் சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். பொறுப்பைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டாள். 13ஆம் தேதி அங்கிருந்து கிளம்புவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

அங்கே பார்க்க வேண்டியவை:
1. சொந்த வீடா
2. நிலம் எவ்வளவு, பட்டா யார் பெயரில்
3. வாசல் எந்தத் திசை
4. தண்ணீர், கழிப்பறை
5. குடி உண்டா

முப்பத்தோரு வருஷம் சர்வேயர் வேலை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் பத்து நிமிஷத்தில் வில்லங்கம் எந்த மூலையில் என்று சொல்லிவிடுவேன்.

சாயந்திரம் தம்பி வந்தான். "இன்னாண்ணே, பௌர்ணமி வர்ற நேரத்துல கிரிவலத்த வுட்டுட்டு குதிரயப் பாக்கப் போறீங்களா?" காப்பி கொடுத்து அனுப்பினோம்.

ஜூலை 8, செவ்வாய்

மூன்று விமானம் ஏறி இறங்கி வந்து சேர்ந்தோம். உலான்பாட்டர். கால் வீக்கம். கா. மூன்று விமானத்திலும் ஜன்னல் ஓரம், நான் மூன்றிலும் நடுவில்.

நி. இளைத்திருக்கிறாள். கறுத்தும் இருக்கிறாள். ஆனால் முகத்தில் ஒரு தெளிவு. அதைப் பார்த்ததும் சந்தோஷம், உடனே பயமும்.

பையன் ஆறடி. கன்னம் இரண்டும் சிவப்பு. கை கூப்பி "வணக்கம் மாமா" என்றான். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்க வேண்டியதில்லை. என்னோடு இங்கிலீஷ், நி.யோடு மங்கோலியன், கா.வோடு வெறும் சிரிப்பு. பெட்டி நாலையும் அவனே தூக்கினான். (இது ஒன்றும் தகுதி இல்லை. போர்ட்டரும் தூக்குவான்.)

இரவு எட்டரைக்கும் வெயில். கா. விளக்கேற்றும் நேரம் தெரியாமல் தவித்தாள்.

ஜூலை 9, புதன்

ஜீப்பில் ஒன்பது மணி நேரம். முதல் நாலு மணி தார் ரோடு. பிறகு ரோடு என்று சொல்ல எதுவும் இல்லை, புல்தான். வேலி இல்லை. வரப்பு இல்லை. எல்லைக்கல் இல்லை. கண்ணுக்கு எட்டிய வரை ஒரு கல்கூட யாரும் நடவில்லை. எனக்குத் தலை சுற்றியது.

"இதுல அவங்க நிலம் எது?" என்றேன்.

நி. சொன்னாள்: "எல்லாமேதான்பா. எதுவும் இல்லன்னும் சொல்லலாம்."

மூன்று மணிக்கு வண்டியை நிறுத்தினான் எர்தென். "வீடு," என்றான். இறங்கிப் பார்த்தால் வீடு இல்லை. புல்லில் வட்டமாக ஒரு மஞ்சள் தடம். நடுவில் கொஞ்சம் சாம்பல்.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போய் ஓட்டை வீட்டைப் பார்த்தவர்கள் உண்டு, வாடகை வீட்டைச் சொந்த வீடு என்று நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. வீடே எழுந்து போன கதையை நான் கேட்டதில்லை.

அவன் ஒரு மேட்டில் ஏறி டவர் தேடிப் போன் பேசினான். புல் கம்மி என்று மூன்று நாள் முன்னால் வீட்டைக் கழற்றிக்கொண்டு பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கிறார்களாம். அவனுக்கே சொல்லவில்லை. அவன் அதைச் சாதாரணமாகச் சொன்னான். கா. சிரிக்க ஆரம்பித்தவள் ஜீப்பில் ஏறியும் நிறுத்தவில்லை. அவள் அப்படிச் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று.

வீட்டுக்குக் கெர் என்று பெயர். வட்டமான கூடாரம், மேலே கம்பளிப் போர்வை, நடுவில் இரும்பு அடுப்பு, அதன் புகைக்குழாய் கூரை வழியாக வெளியே. விட்டம் என் காலடியில் இருபது அடி. அதாவது 314 சதுர அடி. வாசல் போன் காம்பஸில் பார்த்தேன்: நேர் தெற்கு. கா.விடம் சொன்னேன். "எமன் தெசையா" என்று முணுமுணுத்தாள். இங்கே எல்லா வீட்டுக்கும் தெற்கு வாசல்தான் என்றாள் நி. வடக்கிலிருந்து குளிர்காற்றாம்.

பையனின் அப்பா பெயர் தொர்ஜ், என் வயதுதான் இருக்கும். அம்மா பெயர் ஒயுன். பேத்தி சாரா, எட்டு வயது, எர்தெனின் அக்கா மகள். சனிக்கிழமை உள்ளூர் நாதத்தில் இந்தக் குழந்தை குதிரை ஓட்டப் போகிறாளாம்.

கொடுத்தார்கள்: உப்புப் போட்ட டீ. கா. ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். பிறகு ஐராக், புளிக்க வைத்த குதிரைப்பால். புளித்த கூழின் தெளிவு மாதிரி, ஆனால் கொஞ்சம் ஏறும். இரண்டு கிண்ணம் குடித்தேன். கேள்வி எண் 5ஐ அடித்துவிட்டேன், கேட்கும் யோக்கியதை போய்விட்டது.

ஜூலை 10, வியாழன். பௌர்ணமி

குளிர். மூக்கு ஒழுகுகிறது. கழிப்பறை: நூறு தப்படி தூரத்தில் ஒரு குழி, இரண்டு பலகை, கதவு கிடையாது. பார்வை பிரமாதம்.

நேற்று எங்களுக்காக ஒரு ஆட்டை அடித்திருக்கிறார்கள். இன்றைக்குப் பௌர்ணமி, நாங்கள் கறி தொடமாட்டோம். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விழித்தோம். நி. சொன்னதும் தொர்ஜ் பாத்திரத்தை மூடி எடுத்துப் போய்விட்டார். ஒரு முணுமுணுப்பும் இல்லை. தயிர், பாலேடு, கல் மாதிரி காய்ந்த ஒரு தயிர்க்கட்டி. பல் ஒன்று ஆடுகிறது.

கா.வுக்குக் காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் பௌர்ணமிக்கு அவள் மலை சுற்றாதது பிரசவத்தின்போது மட்டும்தான். எர்தென் புரிந்துகொண்டு எல்லாரையும் ஒரு குன்றுக்குக் கூட்டிப் போனான். உச்சியில் கல் குவியல், நீலத் துணிகள் கட்டியிருந்தன. அவர்களும் வலமாகத்தான் சுற்றுகிறார்கள், மூன்று சுற்று. கா. ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலில். ஒயுன் அம்மாள் பதறிப்போய் அவள் பாதத்தைக் காட்டி ஏதோ சொன்னார்.

மூன்று முடிந்தும் கா. நிறுத்தவில்லை.

"போதும் வா," என்றேன்.

"பதினாலு கிலோமீட்டருக்கு எத்தன சுத்துன்னு கணக்கு போடுங்க."

போட்டேன். எழுநூறு. ஒன்பதோடு வந்துவிட்டாள்.

திரும்பும்போது தொர்ஜ் என்னைக் குதிரைகளிடம் கூட்டிப் போனார். பேச்சு கிடையாது, இரண்டு பேருக்கும் பொது பாஷை இல்லை. ஒரு மணி நேரம் சும்மா நின்றோம். சும்மா நிற்பது எனக்கு வராது என்று நினைத்திருந்தேன். வருகிறது.

ஆனால் நிலைமை மாறவில்லை. என் ஒரே பெண். மாடு மேய்க்கிறவர்கள் என்பது எனக்குக் குறை இல்லை, என் அப்பாவும் ஏர் பிடித்தவர்தான். பயம் வேறு. இந்த வீட்டுக்குக் கதவு எண் கிடையாது. ஒரு நாள் அவளுக்கு ஒன்று என்றால் நான் எங்கே என்று வந்து தேடுவேன்? மஞ்சள் வட்டத்தின் முன்னால் நின்றுகொண்டிருப்பேனா?

கா.விடம் சொன்னேன். "போன் இருக்குது இல்ல" என்று புரண்டு படுத்தாள்.

ஜூலை 11, வெள்ளி

வெயில். நல்ல காற்று. பெரிய தப்பு ஒன்று நடந்துவிட்டது. வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஒன்பதே கால். ஒயுன் அம்மாள் அடுப்பில் பெரிய சட்டி நிறையப் பால் வைத்தார். குதிரைகளில் பால் கறக்கும் நேரம், எல்லாரும் வெளியே போக வேண்டும். கா. கையில் கரண்டியைக் கொடுத்து, மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே இரு என்று சைகை காட்டிவிட்டுப் போனார். உள்ளே நானும் கா.வும் மட்டும்.

கா. கொஞ்ச நேரம் ஊற்றினாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, இன்னிக்கு வெள்ளிக்கிழம."

"ஆமா."

"சம்பந்தி வூட்ல முத முதலா என் கையில பால் சட்டிய குடுத்திருக்காங்க. அஞ்சு நாள் முன்னதான் இங்க குடி வந்திருக்காங்க. புது எடம். பால் பொங்க வுட்டா நல்லதுதான?"

சம்பந்தி என்கிற சொல்லை நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. புது இடத்தில் பால் பொங்கினால் யாருக்குக் கசக்கும்? பத்தரைக்கு ராகு காலம். அது நம்ம ஊர் நேரத்துக்கா இந்த ஊர் நேரத்துக்கா என்று ஒரு சந்தேகம். "சூரியன் ஒண்ணுதான, இங்க இருக்கறதப் பாருங்க" என்றாள்.

கிழக்கே பொங்க வேண்டும். காம்பஸ் வைத்துப் பார்த்தேன். சட்டி மேற்கே லேசாகச் சாய்ந்திருந்தது. ஒரு விறகுச் சிம்பை மேற்குப் பக்கம் செருகி, கிழக்கே சாய்த்து, மட்டம் சரிபார்த்துக் கொடுத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் செய்தது நான்தான்.

பால் அருமையாகப் பொங்கியது. நேர் கிழக்கே. அடுப்பில் வழிந்து, நெருப்பில் இறங்கி, புகை. கா. கை கூப்பி மெதுவாக, "பொங்கலோ பொங்கல்." நானும் கூட.

வாசலில் ஒயுன் அம்மாள். கையில் பால் வாளி. முகத்தில் ரத்தம் இல்லை.

ஓடி வந்து சட்டியை இறக்கினார். தரையில் சிந்தியிருந்த பாலை விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். எங்களைப் பார்க்கவே இல்லை. தொர்ஜ் உள்ளே வந்தார், அடுப்பைப் பார்த்தார், வெளியே போய்விட்டார்.

நி. என்னை வெளியே இழுத்துப் போனாள். "என்னப்பா பண்ணீங்க? நெருப்புல பால் கொட்டறது இங்க பெரிய பாவம்பா. நெருப்பு அவங்களுக்கு சாமி. அதுவும் நாளைக்கு சாரா குதிர ஏறப் போறா."

கா. அழுதுவிட்டாள். அழுதுகொண்டே சொன்னாள்: "நம்ப ஊர்லயும் நெருப்புதானடி சாமி. அண்ணாமலையாரே நெருப்புதான. அந்த சாமிக்குதான் குடுத்தேன்."

நி. அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு உள்ளே போனாள். அவளும் ஒயுன் அம்மாளும் வெகுநேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை.

மூன்று நாளாக நான் இவர்களை எடை போட்டுக்கொண்டிருந்தேன். இன்று தராசு அவர்கள் கையில். நாளை அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆனால் அது எங்கள் பால்தான். நி.யும் இந்த வீட்டில் தலை நிமிர முடியாது. வேண்டாம் என்று சொல்ல வந்தவனுக்கு, வேண்டாம் என்று அவர்கள் சொல்லிவிடுவார்களோ என்று பயம் வருகிறது. எனக்கே விளங்கவில்லை.

ஜூலை 12, சனி

விடிந்ததும் ஒயுன் அம்மாள் வெளியே நின்று கரண்டியால் பாலை நாலு திசைக்கும் தெளித்தார், வானத்துக்கு. தினமும் செய்வதுதான். இன்று பாதியில் நிறுத்தி, கரண்டியைக் கா. கையில் கொடுத்தார். கா. தெளித்தாள். தொர்ஜ் மட்டும் இன்னும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நாதம். திறந்த புல்வெளியில் முந்நூறு நானூறு பேர், அதைவிடக் குதிரைகள் ஜாஸ்தி. கா. பட்டுப்புடவை, மேலே ஸ்வெட்டர், காலில் ஷூ. அவளோடு படம் எடுக்க வரிசை. மல்யுத்தம்: மார்பு திறந்த சட்டை, ஜெயித்தவன் கழுகு மாதிரி கை விரித்து மெல்ல ஆடுகிறான், தோற்றவன் அவன் கைக்குள் குனிந்து போகிறான். நம் ஊர் கபடியில் தோற்றவனை இப்படி ஒரு தரம் குனிய வைத்துப் பார்க்க வேண்டும். ரகளைதான்.

எண்ணெயில் பொரித்த கறி அப்பம், 4. ஆடின பல் விழுந்துவிட்டது.

இரண்டு வயதுக் குட்டிகளின் ஓட்டம். தூரம் கிரிவலப் பாதையைவிடக் கொஞ்சம் கம்மி. ஓட்டுகிறவர்கள் எல்லாம் குழந்தைகள். கிளம்புவதற்கு முன் வட்டமாகச் சுற்றிக்கொண்டு ஏதோ பாடினார்கள். சாரா மஞ்சள் சட்டை, தலையில் ஹெல்மெட். என்னைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள். இங்கேயிருந்து மெதுவாகப் போய், தூரத்தில் திரும்பி, முழு ஓட்டமாக இங்கே வர வேண்டும். காத்திருக்க வேண்டியது நாங்கள்.

தூரத்தில் புழுதி. முதல் குதிரை. கூட்டம் ஓடியது. பத்து, இருபது, முப்பது. மஞ்சள் சட்டை இல்லை. புழுதி அடங்கிவிட்டது. புல்வெளி காலி.

கா. என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒயுன் அம்மாள் உதடு அசைந்துகொண்டிருந்தது. தொர்ஜ் கண்ணுக்கு மேல் கை வைத்து அசையாமல் நின்றார். அண்ணாமலையாரே, அந்தக் குழந்தை விழுந்திருக்கக் கூடாது, வேறு எதையும் கேட்கமாட்டேன், என்று வாய்விட்டே சொன்னேன். யாருக்குத் தமிழ் தெரியும்.

பிறகு ஒரு மஞ்சள் புள்ளி. மிக மெதுவாக.

நான் ஓடினேன். அறுபத்தொரு வயது, வீங்கின கால், எல்லாரையும் தள்ளிக்கொண்டு. ஓடுவது நான்தான் என்பது பாதி தூரம் போனபிறகுதான் தெரிந்தது. சாரா குதிரைமேல் நேராக உட்கார்ந்து ஏதோ பாடிக்கொண்டு வந்தாள். ஒரு கீறல் இல்லை. குதிரை வாயில் புல். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் என் வழுக்கையைத் தட்டிக்கொடுத்தாள்.

விஷயம் இவ்வளவுதான்: குதிரை நடுவழியில் புல் மேய நின்றுவிட்டது. இவள் என்ன செய்தும் நகரவில்லை.

கடைசி. முப்பத்திரண்டில் முப்பத்திரண்டாவது. எனக்குத் தொர்ஜைப் பார்க்க முகம் இல்லை. ஆனால் கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டது. ஒரு பெரியவர் முன்னால் வந்து குதிரையைப் பார்த்து ராகமாகப் பாட ஆரம்பித்தார். குதிரைமேல் ஐராக் தெளித்தார்கள். குட்டிகளின் ஓட்டத்தில் கடைசியாக வரும் குதிரைக்கு இங்கே பாட்டு உண்டு என்றாள் நி. "இந்த வருஷம் உன் தப்பு இல்ல, வழிதான் நீளம், அடுத்த வருஷம் நீதான் முன்னாடின்னு பாடறாங்கப்பா." நடுவில் வந்த குதிரைகளை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. கா. குலவையிட்டாள். அங்கே அது எடுபட்டது, இன்னொரு தரம் கேட்டார்கள்.

நான் எர்தெனைக் கூப்பிட்டு, அப்பாவிடம் கேள் என்றேன். நேற்று பால் கொட்டியதால்தான் கடைசியா?

தொர்ஜ் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு நாள் கழித்து இப்போதுதான் பார்க்கிறார். வயிறு குலுங்கச் சிரித்தார். நி. சொன்னாள்: "குதிரைக்கு ரெண்டு வயசு, அதுக்குப் பசின்றாருப்பா."

ஜூலை 13, ஞாயிறு

லேசான தூறல். பெட்டி கட்டியாகிவிட்டது. பதினோரு மணிக்குக் கிளம்ப வேண்டும். பல் போன இடத்தில் நாக்கு போய்ப் போய் வருகிறது.

காலை டீ. கா. உப்பு டீயை இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தாள். நி. என் எதிரில், தட்டைப் பார்த்தபடி. இதுவரை ஒரு தரம்கூட அவள் "என்ன முடிவு" என்று கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

தொர்ஜ்தான் ஆரம்பித்தார். எர்தெனை உட்கார வைத்துவிட்டு நி.யைச் சொல்லச் சொன்னார். அவள் சொல்லச் சொல்ல அவள் குரலே மாறியது.

"அவங்களுக்கும் யோசனையா இருந்துச்சாம்பா. கல்லு வீட்ல இருக்கறவங்க, நெருப்புல பால் ஊத்தறவங்க, எப்படி ஒத்துப்போகும்னு. நேத்து வரைக்கும் முடிவு பண்ணலயாம்." நிறுத்தினாள். "நீங்க ஓடுனதப் பாத்தாராம்."

கூரை ஓட்டை வழியாக ஒரு சொட்டு என் மேல் விழுந்தது.

தொர்ஜ் அடுத்து ஒரு கேள்வி கேட்டார். நி. சிரிப்பை அடக்கிக்கொண்டு: "நாங்க பொண்ணு வீடு பாக்க வரணும். குளிர்காலத்துல உங்க வீடு எந்த எடத்துல இருக்கும்னு கேக்கறாருப்பா."

"வேங்கிக்கால்லதான் இருக்கும். இருபத்திரண்டு வருஷமா அங்கதான் இருக்குது."

அதைச் சொன்னதும் தொர்ஜும் ஒயுன் அம்மாளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒயுன் அம்மாள் இரக்கமாக ஏதோ கேட்டார். இருபத்திரண்டு வருஷமா, அங்கே புல் எப்படி மிச்சம் இருக்கும் என்று.

கா. என்னைப் பார்த்தாள். இவர்களிடம் நான் கேட்க எழுதி வைத்த ஐந்து கேள்வியும் அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தன. ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

"நித்யா, அவர்கிட்ட சொல்லு. கார்த்திகை தீபத்துக்கு வரச்சொல்லு. எல்லாரையும். சாராவையும் கூட்டிகிட்டு. பத்து நாளும் நம்ம வீட்லயே தங்கட்டும். கூட்டமா இருக்கும், நானே சென்னைக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லு. மலை மேல நெருப்பு ஏத்துவோம், வந்து கும்புடட்டும்."

அவள் இரண்டு வார்த்தை மொழிபெயர்த்தாள். பிறகு நின்றுவிட்டாள். திரும்பி என் முகத்தையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. எர்தெனுக்குப் புரியவில்லை. தொர்ஜ் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு மீதிக்காகக் காத்திருந்தார்.

"உம், சொல்லு," என்றேன்.